நன்றாகப் பேசுகிறார் என்று மறுக்கப்பட்ட சான்றிதழ்

அனுப்புநர்
முதுநிலை ஆய்வக நுட்புநர்,
இரத்தப் பரிசோதனைப் பிரிவு,
(தற்போது மாதிரி பெறும் முகப்பு)
பொது மருத்துவமனை.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நல ஆணையகம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆட்டிசம் சான்றிதழ் கோரிய என் விண்ணப்பத்தை மருத்துவக் குழு தள்ளுபடி செய்தமை – மறு மதிப்பீடு வேண்டுதல் – என் அண்ணன் தங்கள் அலுவலகத்தில் விட்டுச் சென்ற சான்றிதழை அவருக்கே திருப்பி அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவக் குழுவின் மறுப்பாணை. 2. அதன் மீது நான் அனுப்பிய மேல்முறையீடு. 3. அதற்கு வந்த ஒருவரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். இது இந்தப் பொருளில் நான் எழுதும் மூன்றாவது மனு. முதல் மனுவைக் கோபத்தில் எழுதினேன். இரண்டாவதை மேல்முறையீடாக, சட்டப் பிரிவுகளைக் காட்டி எழுதினேன். இப்போது கோபப்படவும் தெம்பில்லை, சட்டம் தேடவும் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டும்.

2. நான் மேற்படி மருத்துவமனையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அணுக்களை வகை பிரித்து எழுதுவது என் வேலை. அதற்கென்று ஓர் உள்ளறை உண்டு. ஒரு கதவு, ஒரு சன்னல், இரண்டு முக்காலிகள். யாரும் அதிகம் பேச வேண்டியதில்லை. அங்கே நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுக்கவில்லை. தொந்தரவில்லாதவள் என்று பெயர் எடுத்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

3. சென்ற ஆண்டு அணுக்களைத் தானே எண்ணும் இயந்திரம் வந்தது. உள்ளறைக்கு இனி ஒருவர் போதும் என்றாயிற்று. அங்கே இருந்தவர்கள் நானும் ஓர் ஆண் நுட்புநரும். எங்கள் பிரிவுத் தலைவர் என்னை அழைத்து, "முகப்புல ஒரு லேடி இருந்தா நல்லா இருக்கும்மா. உங்களுக்குச் சிரிச்ச முகம். வர்ற ஜனங்களும் கொஞ்சம் மரியாதையா நடந்துக்குவாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு வாழ்க்கையில் வந்த இடைஞ்சல்களில் பாதி பாராட்டாகத்தான் வந்திருக்கிறது.

4. முகப்பு என்பது தாங்கள் பார்த்திருக்கக்கூடிய இடம்தான். கண்ணாடித் தடுப்பு, அதில் முகம் நுழையாத ஓர் ஓட்டை. எல்லாரும் அந்த ஓட்டைக்குள் வாயை வைத்துப் பேசுவார்கள். பின்னால் நிற்பவர் அவர் தோளுக்கு மேலாகப் பேசுவார். இடப்பக்கம் தொலைபேசி, வலப்பக்கம் சீட்டு அச்சிடும் இயந்திரம், தலைக்கு மேல் எண் கூப்பிடும் ஒலிபெருக்கி, அதற்கும் மேல் விட்டு விட்டு எரியும் குழல்விளக்கு. ஊசியைக் கண்டு அழும் குழந்தைகள் ஓயவே மாட்டார்கள். இவை மற்றவர்களுக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கும் என்று கேள்விப்படுகிறேன். எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரே அளவு முக்கியமாகக் கேட்கிறது. எதை விட்டு எதைக் கேட்பது என்று ஒவ்வொரு முறையும் நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

5. ஆனாலும் சமாளித்தேன். வருகிறவர்கள் கேட்கக்கூடியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டேன். "வெறும் வயித்துல வந்தீங்களா? இல்லன்னா நாளைக்கு வாங்க, பரவாயில்ல." "ரிசல்ட்டு சாயங்காலம் கிடைக்கும், பயப்பட ஒண்ணுமில்ல." இந்த 'பரவாயில்ல'வையும் 'பயப்பட ஒண்ணுமில்ல'வையும் எந்த இடத்தில் எந்தக் குரலில் போட வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தேன். முகப்புக்கு நான் வந்த பிறகு புகார் குறைந்துவிட்டதாகப் பிரிவுத் தலைவர் கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள்.

6. வீட்டில் நடந்ததைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. என் கணவர் தையல்காரர். நான் வேலை முடிந்து போனதும் குளியலறை விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். பேச்சு வராது. தொடக்கத்தில் அவர் கதவுக்கு வெளியே நின்று, "கோவமா?" என்று கேட்பார். பதில் வராது. "எம்மேல கோவம் இல்லன்னா சரி. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று போய்விடுவார். சில மாதங்களில் கேட்பதையும் நிறுத்திக்கொண்டார். அது எனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் நிறுத்தினார். உதவிதான். ஆனால் எங்கள் வீட்டில் தையல் இயந்திரத்தின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாமல் போயிற்று.

7. இந்நிலையில் ஒரு நாள், வரிசை எண் முறையை முன்னறிவிப்பின்றி மாற்றிவிட்டார்கள். அதுவரை வந்த வரிசையில் கூப்பிட்டோம்; அன்று முதல் வார்டு வாரியாகக் கூப்பிட வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது; ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். நான் இரண்டு குப்பிகளில் ஒட்டுச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். ஒன்று பிரசவத்திற்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் இரத்தம். மற்றது வேறொரு நோயாளியுடையது. பிரசவ வார்டுச் செவிலியர் முடிவைப் பார்த்து, "இந்தம்மாவுக்குப் போன தடவை வேற குரூப்புல்ல வந்துச்சு?" என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியதால் அந்தப் பெண் பிழைத்தார். அவருக்கு வேறு வகை இரத்தம் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஆய்வகத்தில் வேலை செய்யும் என்னிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

8. 'கவனக்குறைவு' என்று எனக்குக் குறிப்பாணை வழங்கப்பட்டது. ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்டேன். பிறகு பிரிவுத் தலைவரிடம், எனக்கு ஆட்டிசம் இருப்பதாக உளவியலாளர் உறுதி செய்திருக்கிறார், என்னை உள்ளறைக்கே அனுப்புங்கள் என்று கேட்டேன். "நீங்களா? விளையாடாதீங்கம்மா" என்றார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும், "சரி, சான்றிதழ் கொண்டாங்க. பேப்பர் இருந்தா நாளைக்கே மாத்திடறேன். பேப்பர் இல்லாம மாத்தினா நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு வியாதி சொல்லுவாங்க" என்றார். அவர் பக்கத்தில் அதுவும் நியாயமே.

9. ஆட்டிசம் என்று எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஓர் அண்ணன். இருவரும் இரட்டைப் பிள்ளைகள்; சற்று முன்னால் பிறந்ததால் அவர் அண்ணன். பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். அப்போது குழந்தையைப் பார்த்த உளவியலாளர், தகப்பனாரையும் ஒருமுறை பார்க்கலாம் என்றார். அண்ணன் தனியாகப் போகமாட்டார் என்பதால் நான் கூடப் போனேன். அவருக்காக நான் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்த அந்த அம்மையார், பேனாவை வைத்துவிட்டு, "நீங்க பேசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உதட்டுக்குள்ளயே ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறீங்க, கவனிச்சீங்களா?" என்றார். நாற்பது வயதைத் தாண்டும் வரை அதை யாரும் கவனித்ததில்லை. நான் உட்பட.

10. இருவருக்கும் ஒரே சோதனைகள் வைத்தார். சொற்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வது, குறியீடுகளை வேகமாகப் பார்த்து எழுதுவது, வண்ணக் கட்டைகளை அடுக்கி வடிவம் செய்வது, சீட்டுகளை நிறமோ வடிவமோ பார்த்துப் பிரிப்பது. சொற்களிலும் வேகத்திலும் நான் அண்ணனைவிட வெகுவாக முந்தினேன். கட்டைகளில் அவர் என்னை வெகுவாக மிஞ்சிவிட்டார். சீட்டுப் பிரிப்பதில், பாதியில் சொல்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். நாமே புரிந்துகொண்டு மாற வேண்டும். அதில் இருவரும் படுத்துவிட்டோம். அண்ணனைவிட நான் இன்னும் மோசம். பழைய விதியையே பிடித்துக்கொண்டு கடைசி வரை போனேன்.

11. உளவியலாளர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "உங்க ஞாபகசக்தி ரொம்ப நல்லா இருக்கு. அதை வெச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்க. மத்தவங்க தன்னால செய்யறத நீங்க நெனப்புல இருந்து எடுத்துச் செய்யறீங்க. ரொம்பத் தாமதமா என்கிட்ட வர்ற பொம்பளைங்க சில பேருகிட்ட இதைப் பாத்திருக்கேன். ஆனா எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லிட முடியாது, ஆராய்ச்சியே இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது ஒண்ணுதான். வெளிய தெரியற விதம்தான் வேற." அவருடைய அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

12. ஏன் வேறாயிற்று என்பதற்கு ஒரு விளக்கம் என்னிடம் உண்டு. அதை அறிவியல் என்று சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கு இருவரையும் பற்றிக் கவலைதான். அண்ணன் விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். "அவன் ஆம்பளப் புள்ள, அப்படித்தான் இருப்பான்" என்று அம்மா விட்டுவிடுவார். நானும் கட்டிலுக்கு அடியில் போவேன். என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே விடுவார். "பொட்டப் புள்ள இப்படி மூஞ்சியக் காட்டாம இருந்தா நாளைக்கு ஒருத்தன் வீட்டுல எப்படிக் குப்ப கொட்டுவ? கண்ணப் பாத்துப் பேசு. கண்ணப் பாக்க முடியலன்னா புருவத்துக்கு நடுவுல பாரு, யாருக்குத் தெரியப் போகுது?" இது அம்மா சொல்லித் தந்த உபாயம். இன்றும் அதுதான் என்னிடம் இருக்கிறது. தங்களைச் சந்திக்கும்போதும் புருவத்துக்கு நடுவில்தான் பார்ப்பேன். தவறாக எண்ண வேண்டாம்.

13. சிறு வயதில் அண்ணனுக்கு மின்விசிறிகள் மேல் பைத்தியம். எந்த வீட்டில் என்ன வகை, எத்தனை இறக்கை, எந்தத் திசையில் சுற்றும் என்று சொல்வார். எனக்கு உறவுமுறைகள். யாருக்கு யார் சித்தப்பா, யார் ஒன்றுவிட்ட மைத்துனர், யாரை எந்த முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஆட்களை எனக்குப் பிடிக்கும் என்பதால் அல்ல; அந்த வலை பின்னியிருந்த விதம் பிடிக்கும். எதிரே அந்தச் சித்தப்பாவே வந்தால் ஓடிவிடுவேன். மருத்துவக் குழுவின் கேள்வித்தாளில் இயந்திரங்கள் மீதான அதீத ஈடுபாட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது. உறவுமுறைக்குக் கட்டம் இல்லை. அண்ணனுடையது அறிகுறி ஆயிற்று. என்னுடையது குடும்பப் பாங்கு ஆயிற்று.

14. இனி மருத்துவக் குழு நாள். அண்ணனும் என்னுடன் விண்ணப்பித்திருந்ததால் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த எண். அண்ணன் தனியே உள்ளே போகமாட்டேன் என்றதால் நானும் உடன் போக அனுமதித்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். எப்போது பேசத் தொடங்கினார், எதற்கு அழுவார், பட்டறையில் என்ன சிரமம் என்று வரிசையாக, தெளிவாகச் சொன்னேன். வழக்கமாக நான் செய்வதுதான். பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் நான்தான் அவர் வாய். குழுத் தலைவரான மருத்துவர் எழுதி முடித்துவிட்டு, "நல்லதும்மா, நீங்க துணைக்கு வந்தவங்கதானே, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

"அடுத்தவங்க நான்தான் சார்" என்றேன்.

குழுவினர் மூவரும் சிரித்துவிட்டார்கள். நான் ஏதோ வேடிக்கை சொன்னதாக நினைத்தார்கள். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்று பழகியிருக்கிறேன். அந்தச் சிரிப்பே எனக்கு எதிரான முதல் சாட்சியம் ஆயிற்று.

15. "ஏம்மா, கண்ணப் பாத்துப் பேசறீங்க, சிரிக்கறீங்க, நேர்த்தியா உடுத்திட்டு வந்திருக்கீங்க, கல்யாணம் ஆகி குடும்பம் நடத்தறீங்க. உங்களுக்கு இருந்தா அப்புறம் எங்க எல்லாருக்குமே இருக்கு" என்றார் மருத்துவர். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டார்கள். "இவளா? இவ சின்ன வயசுலயே சமத்து. அண்ணனுக்கும் சேத்து இவதான பாத்துக்கிட்டா" என்றார் அம்மா. என்னைக் கைதூக்கி விடுவதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

16. மறுப்பாணையின் வாசகம் இது: 'பேச்சாற்றல், நினைவாற்றல் சராசரிக்கு மேல். பார்வைத் தொடர்பு இயல்பு. சமூகப் பழக்கம் நன்று. தகுதி இல்லை.' ஐயா, என் அண்ணனுக்கும் ஒரு சோதனையில் சராசரிக்கு மேல்தான் மதிப்பெண். கட்டை அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த மதிப்பெண் அவருக்கு எதிராக எழுதப்படவில்லை, எழுதப்படவும் கூடாது. என்னுடைய மதிப்பெண் மட்டும் ஏன் எனக்கு எதிராக நின்றது என்று முதல் மனுவில் கேட்டிருந்தேன். பதில் இல்லை. சீட்டுப் பிரிக்கும் சோதனையில் நான் எடுத்த மதிப்பெண் ஆணையில் குறிப்பிடப்படவே இல்லை. முகப்பில் நான் தடுமாறியதும், சொல்லாமல் விதி மாறிய அதே இடத்தில்தான்.

17. அண்ணனுக்குச் சான்றிதழ் வந்தது. பட்டறையில் அவருக்குச் சத்தம் குறைந்த மூலையில் இடம் மாற்றிக் கொடுத்தார்கள், காதடைப்பான் கொடுத்தார்கள். முகம் தெளிந்திருக்கிறது. அதில் எனக்கு மனநிறைவே. இந்த மனுவில் எங்கேயாவது அவர் மேல் பொறாமை தென்பட்டால் அது என் எழுத்தின் குறை.

18. மேல்முறையீட்டுக்கு ஒருவரிப் பதில் வந்ததும் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் ஒரு நாள் பட்டறைக்குப் போகாமல், எங்கள் யாரிடமும் சொல்லாமல், இரண்டு பேருந்து மாறித் தங்கள் அலுவலகத்திற்கு வந்திருக்கிறார். தனியாக அவர் எந்த அலுவலகத்திற்கும் போனதில்லை. நடந்ததைத் தங்கள் அலுவலக எழுத்தர் பிறகு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அண்ணன் சான்றிதழை மேசையில் வைத்திருக்கிறார். "என்ன சார், பேர்ல தப்பா?" என்று எழுத்தர் கேட்டிருக்கிறார். அண்ணன் மேலே பார்த்துக்கொண்டே சொன்னாராம்:

"அவ பேசினதாலதான் எனக்குக் கொடுத்தீங்க. அவ பேசினதாலயே அவளுக்கு இல்லன்னீங்க. இது தப்பாக் கெடக்கு."

"திருப்பி வாங்கறதுக்கு எங்ககிட்ட வழியே இல்லையே சார்" என்று எழுத்தர் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டாராம். அந்த எழுத்தர் நல்ல மனிதர். "மேடம், இத்தனை வருஷ சர்வீஸ்ல வேணும்னு வந்தவங்களத்தான் பாத்திருக்கேன். வேணாம்னு வெச்சிட்டுப் போனவர இப்பதான் பாக்கறேன். என்ன பண்றதுன்னே தெரியல, டிராயர்ல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார்.

19. நான் அண்ணன் வீட்டுக்குப் போய், ஏன் இப்படிச் செய்தாய் அண்ணா என்று கேட்டேன். அவர் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அடுத்த சடையைப் பின்னத் தொடங்கினார். அண்ணி மட்டும், "நீயே சொல்லு, மூலையில ஒரு எடம் கெடச்சு இப்பத்தான் ராத்திரி தூங்கறாரு, அதுக்குள்ள இப்படி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று என்னிடம் மனப்பாடம் செய்த வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் அங்கே தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

20. தற்போது நான் மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். விடுப்பு முடிகிறது. அடுத்த வாரம் முகப்புக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சிரிக்கவும் 'பரவாயில்ல' சொல்லவும் என்னால் இன்னும் முடியும். அது பிரச்சினை இல்லை. இன்னொரு முறை விதி மாறினால் குப்பியும் மாறும். எல்லா வார்டிலும் சந்தேகப்படுகிற செவிலியர் இருக்கமாட்டார்.

21. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) என் விண்ணப்பத்தை வேறொரு குழுவைக் கொண்டு மறு மதிப்பீடு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். அக்குழுவில் பெரியவர்களான பிறகு கண்டறியப்பட்ட பெண்களைப் பார்த்த அனுபவமுள்ள ஒருவராவது இருக்க வேண்டும்.

(ஆ) சோதனையில் ஒருவர் எதில் நன்றாகச் செய்தார் என்பதைக் கொண்டு மட்டும் அவரைத் தள்ளிவிடாமல், எதில் விழுந்தார் என்பதையும் ஆணையில் எழுதும்படி எல்லாக் குழுக்களுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

(இ) முடிவு தெரியும் வரை என்னை உள்ளறையில் வைத்திருக்குமாறு மருத்துவமனைக்கு ஒரு வரி எழுத வேண்டுகிறேன்.

(ஈ) தங்கள் அலுவலக மேசை இழுப்பறையில் உள்ள என் அண்ணனின் சான்றிதழை, அவர் என்ன சொல்லியிருந்தாலும், அவர் வீட்டு முகவரிக்கே அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அண்ணி வாங்கி வைத்துக்கொள்வார்.

22. கடைசியாக ஒன்று. மறு மதிப்பீட்டுக்கு அழைக்கப்பட்டால் எனக்காகப் பேச யாரையும் அழைத்து வரமாட்டேன்; எனக்காகப் பேசிப் பழகியவர் யாரும் இல்லை. அன்றைக்கு நான் எதையும் ஒத்திகை பார்க்காமல் வர முயல்கிறேன். வணக்கம் சொல்ல மறந்துபோகலாம். கேள்விக்குப் பதில் வர நேரமாகலாம், வராமலும் போகலாம். கட்டிலுக்கு அடியில் இருந்த காலத்திற்குப் பிறகு அப்படி யார் முன்னாலும் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் எப்படி நடந்துகொள்வேன் என்று எனக்கே தெரியாது. குழுவினர் சற்றுப் பொறுமையாக இருக்கும்படி மட்டும் தாங்கள் சொல்லிவைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இடம்: மருத்துவமனைப் பணியாளர் குடியிருப்பு
நாள்: விடுப்பு முடியும் வெள்ளிக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
மனுதாரர்

இணைப்பு: உளவியலாளரின் அறிக்கை, குறிப்பாணை, மறுப்பாணை, மேல்முறையீட்டு நகல், பதில்.